கூட்டத்தில் சொல்லும் சொல்

என் அன்பு வாயாடிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். அங்கே வந்து யாரோடு பேசுவேன் என்று சொல்லிப் போனை வைத்தவள் நீ, அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. இந்த மாதத்துக்குள் சரி என்று நீ சொன்னால்தான் உன்னை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள விசா கேட்க முடியும். தவறினால் இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

நாடக அரங்கில் தச்சு வேலைக்குக் குறைவில்லை. இப்போது ஓர் அரண்மனைப் படிக்கட்டு செய்கிறேன். முன்னால் பளிங்கு, பின்னால் வெறும் பலகை. மாலையில் ஆள் போதவில்லை என்று என்னையும் சந்தைக் காட்சியில் நிறுத்திவிடுகிறார்கள். கூட்டம் பேசுவது போலக் கேட்க வேண்டும், ஒன்றும் புரியக் கூடாது. அதற்காக எல்லோரும் 'ருபார்ப், ருபார்ப்' என்று முணுமுணுப்பது இங்கே வழக்கம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே என் வாய்க்குக் கொடுத்த வேலை அந்த ஒரு சொல்தான்.

அது என்ன என்று அரங்கில் உடை தைக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். சிவப்பாக, புளிப்பாக ஒரு தண்டாம். சர்க்கரை போட்டு வேகவைப்பார்களாம், இலை மட்டும் விஷமாம். உன் அப்பா மலச்சிக்கலுக்கு வாங்குவாரே ரேவல்சின்னி, அது இதற்குப் பங்காளிதான். ருபார்ப் என்ற பெயரின் முன்பாதி ஏதோ ஓர் ஆற்றின் பழைய பெயராம், பின்பாதிக்கு அந்நியர் என்று பொருளாம். நம் ரேவல்சின்னியில் உள்ள சின்னியும் சீனத்திலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறது. பாவம், போன இடமெல்லாம் அதை வெளியூரான் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு பாசம்.

நேற்று ஒரு கூத்து நடந்தது. ராஜா கையைத் தூக்கியதும் கூட்டம் சட்டென்று அடங்க வேண்டும். எல்லோரும் அடங்கினார்கள், நான் அடங்கவில்லை. அரங்கமே அமைதியாக இருக்க, நான் மட்டும் தமிழில், சாப்பிட்டியா, கதவை நல்லா சாத்துனியா, முதுகுவலி எப்படியிருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பல நாளாக ருபார்ப்புக்குப் பதிலாக அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது என்ற தைரியம். முன்வரிசையில் சிரித்தார்கள். இயக்குநர் திட்டத்தான் கூப்பிட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டார், சொன்னேன். அதன் பிறகு அவர் திட்டவில்லை.

இங்கே வந்து யாரோடு பேசுவேன் என்று கேட்டாய். என்னோடு பேசு, தாயே. வருவதும் வராததும் உன் இஷ்டம். அந்த மூன்று கேள்விக்கு மட்டுமாவது பதில் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்