ஆணியால் கீறிய குறி

ஜூன் 3
தம்பி போன் செய்தான். "அண்ணே, கட்டெல்லாம் பிரிச்சாச்சு. மிச்சமிருக்கிற மூணு விரலால பழகிக்கிறேன். என் ரூட்டர சரி பண்ணி வை, அது கத்திக்கிட்டே இருந்துச்சு." சரி என்றேன். வேறென்ன சொல்வது? மரத்தில் பள்ளமும் ஓரமும் குடையும் அந்த மெஷின் இரண்டு மாதமாகத் தச்சுப் பட்டறை அலமாரியில் துணி மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமலே உளி எடுக்கப் பழகிவிட்டேன்.

ஜூன் 4
தொடவில்லை.

ஜூன் 6
சுவிட்ச் போட்டதும் அதே அலறல். உடனே அணைத்தேன். வீட்டில் மனைவி மிக்ஸி போட்டபோது கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். "என்னங்க, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

ஜூன் 7
மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் கட்டை இரண்டும் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. மாற்றினேன். கார்பன்தான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரை ஏமாற்றுகிறேன்? சத்தம் துளியும் குறையவில்லை.

ஜூன் 9
பேரிங்கைக் கழற்றி அழுக்கைத் துடைத்தேன். ஆணியால் கீறிய பெருக்கல் குறி. பழுதான பேரிங்கை யாரும் திரும்ப மாட்டிவிடக் கூடாதென்று நான்தான் அப்படிக் கீறி வைப்பேன்.

எழுதித் தொலைக்கிறேன். விபத்துக்கு முந்தின ஞாயிறு தம்பி மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். என் ரூட்டர் அலறியது, கதவு வேலை அவசரம், பேரிங் கடை பூட்டியிருந்தது. அவன் மெஷினிலிருந்த நல்ல பேரிங்கை என்னுடையதில் மாட்டிக்கொண்டேன். குறி போட்டதை அவனுக்கு. திங்கக்கிழமை புதுசு வாங்கிடலாம்னு — வாங்கல. மறந்தே போயிட்டேனே.

ஊரிலிருந்து வந்து மெஷினை ஓட்டியவன், "அண்ணே, ஒரு மாதிரி ஆடுது" என்றான். நான் என்ன சொன்னேன்? "உன் கைதான்டா ஆடுது." சிரித்தான். அரை மணி நேரத்தில் சுழலும் வெட்டுப் பிட் மரத்தைக் கவ்வி, மெஷின் துள்ளி... ஆஸ்பத்திரியில் அவன்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். "என் கவனக்குறைவுதாண்ணே."

ஜூன் 10
புது பேரிங். சத்தம் நின்றுவிட்டது. மெஷினை அணைத்த பிறகும் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பழையதைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் கிளறி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12
தம்பி வீடு. "வாண்ணே" என்றான். பேரிங்கை அவன் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குறியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். "டீ ஆறுது, குடி." அவ்வளவுதான்.

ஜூன் 20
தம்பி இன்னும் பட்டறைக்கு வரவில்லை. போனும் இல்லை.

ஜூலை 1
வந்துவிட்டான். ரூட்டரை எடுத்தவன் சுவிட்சைத் தொடவில்லை. திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த பேரிங்கை வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி மூடினான். மூன்று விரலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. உதவிக்குப் போனேன். "நீ உன் வேலையப் பாரு."

ஜூலை 8
தினமும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறான். பார்க்கட்டும்.

ஜூலை 15
டீ வாங்கி வந்தபோது இரண்டு ரூட்டரும் அவன் மேசையில் பிரிந்து கிடந்தன.

"உன்னோடதுல இருக்கிறது என் பேரிங்தானே?"

"ஆமா."

அதை எடுத்துத் தன் மெஷினில் மாட்டிக்கொண்டான். புதியதை என்னுடையதில் வைத்து முடுக்கி என் பக்கம் தள்ளினான். "ஓட்டிப் பாருண்ணே."

முப்பத்து மூன்று நாள் கழித்து அண்ணே என்கிறான். எனக்குத்தான் சுவிட்சைப் போடக் கை வரவில்லை.