சுந்தரிக்கு நான் போர்வை போடாத நாள்

என் இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில்கூட அது வரமாட்டேன் என்கிறது. இருபத்தாறு வருஷமாக, நீங்கள் நிற்கும் பக்கம் பார்த்து "இஞ்சாருங்கோ" என்றால் திரும்புவீர்கள். இப்போது எந்தப் பக்கம் பார்ப்பது?

நம் சல்லி ஊரில் மழை தொடங்கி இன்று நாலாம் நாள். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிவிட்டன. வருகிற மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். அதற்கு முதல் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திவசத்துக்கு வருகிற ஐயரிடமோ சனத்திடமோ சொல்ல முடியாத விஷயம் அது.

சுந்தரியைப் பற்றித்தான். கடலுக்குப் போகிற மனுஷன் நுவரெலியாவிலிருந்து ஒரு வயது போன குதிரையை லொறியில் கொண்டுவந்து இறக்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? உப்புவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றி நடத்திப் பிழைக்கலாம் என்றீர்கள். பிழைத்தோம் என்று நான் சொல்லமாட்டேன். குதிரையோடு அதன் தடித்த கம்பளிப் போர்வையும் வந்தது. "இந்த வெக்கைக்குள்ள இவவுக்குப் போர்வையும் வேணுமோ?" என்று கேட்டேன். "மலையில இருந்தவ, கிடக்கட்டும்" என்றீர்கள்.

முதல் மாரியில் நீங்கள் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மழை பிடித்ததும் வள்ளத்து எஞ்சினை மூடுகிற படங்கை எடுத்துவந்து சுந்தரியை இறுக்கி மூடிக் கயிறு போட்டுக் கட்டினீர்கள். கரையில் நமக்குத் தெரிந்த மூடுதல் அதுதானே. உள்ளே அவிந்து வேர்த்து, அந்த வேர்வை குளிர்ந்து, குதிரை நடுங்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் மழையையும் பார்ப்பதில்லை, காற்றையும் பார்ப்பதில்லை. அதன் காதடியில் கை வைப்பீர்கள். சூடிருந்தால் வைக்கோல் போட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். குளிர்ந்திருந்தால் முதலில் சாக்கால் தேய்த்து ஈரம் எடுப்பீர்கள், பிறகுதான் போர்வை. எனக்குக் குளிர்கிறது என்று ஒருநாள் நான் போர்வையைத் தூக்கிக்கொண்டு போனதற்குப் பேச்சு வாங்கினேன். "உனக்குக் குளிர்ந்தா நீ போர்த்து. அதைக் கேட்டனியோ?"

வாயில்லாத சீவனிடம் கேட்கட்டாம்.

போன மார்கழியில் ஒரு பின்னேரம் நீங்கள் இரண்டு பேரும் கடற்கரையில் மழையில் மாட்டித் தெப்பலாக நனைந்து வந்தீர்கள். நீங்கள் ஈரச் சாரத்தைக்கூட மாற்றவில்லை. கொட்டிலில் நின்று ஒரு மணித்தியாலம் அதைத் தேய்த்தீர்கள். நான் குசினிக்குள் இருந்து சத்தம் போட்டேன். "தேத்தண்ணி ஆறுது. அவவைக் கட்டினனீங்களோ, என்னைக் கட்டினனீங்களோ?" சிரித்துக்கொண்டே உள்ளே வந்தீர்கள். கோப்பை உங்கள் கையில் ஆடியது. குளிருதோ என்று கேட்டேன். "எனக்கு ஒண்டுமில்லை" என்றீர்கள். நானும் கறியைப் பார்க்கப் போய்விட்டேன்.

காய்ச்சல் வந்தது, சளி நெஞ்சில் இறங்கியது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒன்பதாம் நாள் உங்களைப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அன்றிலிருந்து அந்தக் குதிரையை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கந்தளாயிலிருந்து ஒருவர் வந்து விலைக்குக் கேட்டார். நம் மகள் கலா மறித்துவிட்டாள். தண்ணீர் வைத்தேன், புல்லுப் போட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த மழையின் இரண்டாம் நாள் காலை, காற்றில் கொட்டில் கூரை ஒரு பக்கம் பிய்ந்து போய்விட்டது. கலா வேலைக்குப் போயிருந்தாள். சுந்தரி நனைந்துகொண்டு நின்றது. போர்வை அலுமாரிக்கு மேலே இருந்தது. நான் எடுக்கவில்லை. மறந்துபோனேன் என்று ஊருக்குச் சொல்லலாம், உங்களுக்குச் சொல்ல முடியாது. அந்த மனுஷன் நடுங்கினதுக்கு இதுவும் நடுங்கட்டும் என்று நினைத்தேன். கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கெட்டவளுடனா நீங்கள் இத்தனை காலம் குடும்பம் நடத்தினீர்கள்?

அது கனைக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டபடி நின்றது. பிறகு பின்னங்கால் மடிந்து சுவரில் சாய்ந்தது. நான் எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. காதடியில் கை வைத்தேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் மாதிரி இருந்தது. தாழ்வாரத்துக்கு இழுத்துவந்து, சாக்கு, என் பழைய சேலை, உங்கள் சாரம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துத் தேய்த்தேன். தோள் விட்டுப்போகும் வரை தேய்த்துவிட்டுப் போர்வையைப் போட்டேன். காதில் சூடு ஏற வெகுநேரம் எடுத்தது.

அவ்வளவு நேரமும் எனக்கு ஒரே நினைவுதான். அதற்கு வாயில்லை என்று நீங்கள் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். உங்களுக்கு வாய் இருந்தது, ஒன்றுமில்லை என்றீர்கள், நான் நம்பிவிட்டேன். அடுப்புக்கும் உங்களுக்கும் எத்தனை அடி தூரம்? வந்து ஒருக்கால் உங்கள் கழுத்தில் கை வைத்திருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போமா?

சுந்தரி தப்பிவிட்டது. இன்று காலை தவிடு தின்றது. கூரையை நானே ஏணி வைத்துக் கட்டினேன், சிரிக்காதீர்கள்.

நேற்றுக் கலா ரவுணில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேரே அறைக்குள் போனாள்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்டுமில்லை அம்மா."

மற்ற நாளென்றால் விட்டிருப்பேன். நேற்றுப் பின்னாலேயே போய் அவள் பிடரியில் கை வைத்தேன். உங்கள் செத்த வீட்டில் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற பிள்ளை. அப்படியே என்மேல் சாய்ந்து, "அப்பா" என்று ஒரு சொல் சொன்னாள். பிறகு அழுதாள், தேற்ற முடியவில்லை. பதினொரு மாதமாக அவள் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் பக்கத்து அறையில் படுத்திருந்திருக்கிறேன்.

சுந்தரியை விற்கமாட்டேன், அது இருக்கும் வரை இங்கேயே இருக்கும். இன்னொரு வாக்கும் தருகிறேன். இனி இந்த வீட்டில் எவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும், அந்தச் சொல்லை நம்பி நான் குசினிக்குள் போகமாட்டேன்.

உங்களைத் தொட்டுப் பார்க்காமல் விட்ட
உங்கள் பெண்சாதி,
யோகம்