சூடேறினால் மக்கர்

மார்ச் 4
காலையில் இரண்டாவது இழுப்பிலேயே உறுமிய ரம்ப மிஷின், வெயில் ஏறியதும் படுத்துக்கொண்டது. தம்பி மரத்தின் கவட்டையில் உட்கார்ந்தபடி ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்துத் தோள் ஓய்ந்து, "அக்கா, இதுக்கு டீ டைம் போல" என்று மேலிருந்து கத்தினான். ஆறவிட்டோம். ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிற்று.
வேலையில் அவன் மேலே, நான் கீழே. அவன் வெட்டுவான். வெட்டிய கிளையை வடத்தில் பிடித்து இறக்குவது நான். செயினுக்கு அரம் போடுவதும் ஆயில் ஊற்றுவதும்கூட நான்தான். ஆக, மிஷின் செய்யும் மக்கரும் என் தலையில்.

மார்ச் 6
மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். எதைக் கொடுத்தாலும் "கார்பரேட்டர்" என்பார். தெருவில் அவர் பெயரே அதுதான். இன்றும் அதையேதான் சொன்னார். கழற்றிக் கழுவி, புது பிளக் போட்டு, என் கண் முன்னால் இழுத்துக் காட்டினார். கிளம்பியது. அங்கே எப்போதுமே கிளம்பும்!

மார்ச் 9
மறுபடியும் அதே கதை. தம்பி இப்போது மிஷினை அணைப்பதே இல்லை. ஓடுகிற ரம்பத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கிளைக்குக் கிளை மாறுகிறான். கீழிருந்து கத்தினேன்.
"அணைச்சுட்டு நகருடா!"
"அணைச்சா கிளம்பாதுக்கா. நான் மேல உக்காந்து பஜனையா பண்றது?"

மார்ச் 10
தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போதும். இன்று வேறெதுவும் எழுதக் கை வரவில்லை.

மார்ச் 11
எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் அதுவே ஓடிக்கொண்டிருக்கும்.
டீச்சரம்மா வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவர் சமையலறைக் கூரை மேல் சாய்ந்திருந்த பெரிய கிளை. தம்பி பாதி வெட்டிவிட்டான். இடம் மாற வேண்டும். நான் கீழிருந்து கத்திய கத்தலில், நேற்று அணைத்துவிட்டு நகர்ந்தான். அணைத்தான் — அவ்வளவுதான். இழுக்கிறான், இழுக்கிறான், சத்தமே இல்லை. கை ரம்பத்தைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவதற்குள் காற்று ஒரு வீசு வீசியது. கிளை முறிந்து, வடத்தில் ஊசலாடி, அவன் காலுக்குச் சற்றுக் கீழே அடிமரத்தில் மோதியது. மரமே அதிர்ந்தது. நுனி பட்டுச் சமையலறை ஜன்னல் நொறுங்கியது. டீச்சரம்மா அப்போதுதான் கூடத்துக்கு வந்திருந்தார்.
தம்பி இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்தான். கொடுத்த தண்ணீர் பாதி சட்டையில்.
"இனிமே ஏறமாட்டேன்க்கா. என்னை விட்டுடு."
நான் சொல்லித்தானே அணைத்தான்? சொன்னது தப்பா? இல்லை. தப்பு மிஷினில். அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 13
மெக்கானிக் அண்ணனிடம் சண்டைக்கே போனேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஏம்மா, நீ இங்க கொண்டு வர்றதுக்குள்ள அது ஆறிப்போயிடுது. நல்லா இருக்கிற நேரத்துல காட்டினா நான் என்ன நோயைப் பார்க்கிறது?" என்றார்.
சரிதானே! வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நோய் சூட்டில். அப்படியானால் சூட்டிலேயே பார்க்க வேண்டும். வரும்போது அவருடைய பிளக் ஸ்பேனரையும் வாங்கிவந்துவிட்டேன்.

மார்ச் 14
கொல்லையில் ஒரு பழைய கட்டையைப் போட்டு, மிஷின் தகிக்கும்வரை அறுத்தேன். அணைத்தேன். இழுத்தேன். கிளம்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது கிளம்பாததற்குச் சந்தோஷப்பட்டேன்.
சூட்டில் சோக் போட்டு, பெட்ரோலை அதிகமாக விட்டு நாங்களே கெடுத்தோமோ? சோக் இல்லாமல் இழுத்தேன். இல்லை. டேங்கில் காற்று அடைத்துக்கொண்டதோ? மூடியைத் தளர்த்தி மறுபடி மூடி இழுத்தேன். இல்லை. பிளக்கைக் கழற்றினேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். பிளக் ஈரம்! பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. அப்படியானால் தீப்பொறி?
மிஷினை நிழலுக்குத் தூக்கிப்போய், சிந்தியதையெல்லாம் துடைத்து, பிளக்கை வயரில் மாட்டி, பிளக் இருந்த துவாரத்திலிருந்து தள்ளி இரும்பில் ஒட்டிப் பிடித்து இழுத்தேன். ஒன்றுமில்லை. நன்றாக ஆறிய பிறகு அதே மாதிரி இழுத்தேன். நீலமாக, பளிச்சென்று!
அகப்பட்டுக்கொண்டாய்.

மார்ச் 15
சுவிட்ச் வயரையும் கழற்றிவிட்டுச் சூட்டில் பார்த்தேன். அப்போதும் பொறி இல்லை. ஆக, சுவிட்ச் இல்லை. தீப்பொறியைக் கொடுக்கும் 'காயில்' என்ற கம்பிச்சுருள்தான். ஆறினால் வேலை செய்யும், சூடேறினால் செத்துப்போகும். மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப கார்பரேட்டர் இல்லையா?" என்று ஏதோ சொந்தக்காரரைப் பறிகொடுத்த மாதிரி கேட்டார். புது காயில் சொல்லிவிட்டிருக்கிறார்.

மார்ச் 18
காயில் வந்தது. அதற்கும் சுழலும் காந்தச் சக்கரத்துக்கும் நடுவே ஓர் அட்டை கனம் இடைவெளி வேண்டுமாம். அண்ணனுடைய விசிட்டிங் கார்டையே செருகி, திருகை இறுக்கி, கார்டை உருவினேன். கட்டை முழுவதும் தீரும்வரை அறுத்தேன். கொதிக்கிற மிஷினை அணைத்தேன். ஒரே இழுப்பு!
திரும்பத் திரும்ப அணைத்தேன், இழுத்தேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.
தம்பிக்குப் போன் போட்டேன். "கிளம்பிடுச்சுடா!"
"நல்லதுக்கா. மிஷின் சரியாயிடுச்சு. நான் ஆகலையே."
அதற்கு ஸ்பேனர் இல்லை என்னிடம்.

மார்ச் 20
டீச்சரம்மா கூப்பிட்டார். "மரம் பாதியில நிக்குதும்மா. காத்தடிச்சா அந்தப் பக்கமே நான் போறதில்ல."
தம்பி வீட்டுக்குப் போனேன். ஏறு என்று சொல்லவில்லை. சொல்ல வாயும் வராது.
"நீ கீழ நில்லு. நான் ஏறுறேன்."
"இந்த வயசுலயா?"
"மரம் வயசு கேட்குமா? ஏறத் தெரியாதவளா நான்? நீ வேகமா ஏறுறேன்னுதானே மேல விட்டேன்."
அவன் மனைவி உள்ளேயிருந்து, "வடம் பிடிக்கவாவது போங்க. வீட்ல உக்காந்து என் உசிரை வாங்காம" என்றாள். சிரித்தான். பத்தாம் தேதிக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன், அந்தச் சிரிப்பை.

மார்ச் 22
குட்டை மரத்தில் ஏறி இறங்கிப் பழகினேன். உடம்பெல்லாம் வலி. நாளையும் பழக வேண்டும்.

மார்ச் 25
டீச்சரம்மா வீட்டு மரம் முடிந்தது. மேலே போனதும் முதலில் பயம்தான் — இல்லை என்றால் பொய். முறிந்து நின்ற மிச்சத்தைத் துண்டு துண்டாக எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் கிளம்பியது. கீழே தம்பி, "இடது காலை ஊனு! அவசரப்படாதே!" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஒரு துண்டைக்கூடக் கூரையில் உரச விடவில்லை.
டீச்சரம்மா அவனிடம் பின்பக்கத்து மரத்தைக் காட்டி, எப்போது வெட்டுவாய் என்று கேட்டார். வடத்தைச் சுருட்டிக்கொண்டே அவன் சொன்னான்:
"அதை அக்காகிட்ட கேளுங்க டீச்சர். மேல் வேலை அவங்களுது. கீழ நான் இருக்கேன்."