சேலை திணித்த ஜன்னல்

4-5-1982, செவ்வாய்

கத்திரி ஆரம்பம். கடலை ஒட்டிய எங்கள் ஏரி வற்றிக் கரையெல்லாம் சேற்று நாற்றம். வேலை: தண்ணீர், குழந்தைத் துணி, அக்காவுக்குப் பத்தியச் சோறு.

கஸ்தூரி அக்காவுக்குத் தலைப்பிரசவம். பையன் பிறந்து ஒரு வாரம். இருவரும் உள் அறையில். காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்று அம்மா ஏரிப் பக்க ஜன்னலில் பழைய சேலையைத் திணித்துவிட்டாள். சாம்பிராணிப் புகை வேறு.

போன வருஷம்தான் எங்கள் காலனி வீடுகளுக்கு ஓலையை எடுத்துவிட்டு சர்க்கார் சிமெண்டுத் தளம் போட்டார்கள். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் இப்போது பொழுது சாய்ந்தும் சுவர் சுடுகிறது.

நைனா சொல்கிறார்: "இன்னாத்துக்கு மீனை வெளில காய வெக்கிற? உள்ள தொங்கவுடு, ஒரே நாள்ல கருவாடு." அக்காகூடச் சிரித்தாள்.

6-5, வியாழன்

குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுகையே குறைந்துவிட்டது. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. விசிறினேன். அனல்தான் வந்தது.

"அடுப்புக்குள்ள கெடக்கறா மாரி கீதுடி. அம்மாகிட்ட நீயாவது சொல்லேன்" என்றாள் அக்கா. நானா? வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வாய் வராமல்தான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அம்மா இறால் விற்கப் போனதும் சேலையை உருவினேன். கடல் காற்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை காலை உதைத்தது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

"பாவி! இன்னாடி பண்ற? என் மொதப் புள்ளைய இந்தக் காத்துக்குத்தானேடி வாரிக் குட்தேன்!"

சேலையை அவளே திரும்பத் திணித்தாள். ஒரு ஐப்பசிக் குளிரில், ஓலைக் குடிசையில் செத்துப்போன அண்ணன். அம்மா அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. என் கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை.

7-5, வெள்ளி

குழந்தை காலையிலிருந்து இரண்டு வாய்தான். தொட்டால் சுடுகிறது. நைனா நர்சம்மாவைக் கூப்பிடப் போனார். அம்மா திருப்பாலைவனம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, கதவையும் சாத்தப் போனாள்.

சொல்லிவிட்டேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

"குடிசைல எல்லாத்தையும் மூடினாலும் ஓலை வழியா காத்து வரும்மா. இதுல எங்க வரும்? கொஞ்ச நேரம் நீ உள்ள இருந்து பாரு."

அடிப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் சேலையைப் பிடுங்கிப் போட்டாள். ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

நர்சம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அடிக்கடி பால் கொடுக்கச் சொன்னார். ஜன்னலை மூடவே கூடாதாம். சாயங்காலம் குழந்தை நன்றாகக் குடித்தது.

"இன்னும் இன்னாத்துக்கு அங்கயே குந்தினுகீற?" நைனா.

"காத்து மொதல்ல எம்மேல பட்டுட்டுப் போவட்டும்."

சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.