அவித்த மல்லாட்டை

அன்புள்ள பாப்பா,

உன் பெயரை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு முன்பு வந்திருந்தபோது உன் லேப் வேலையைப் பற்றிச் சொன்னாயே. உடம்புக்குள் அந்நியமாக ஏதாவது நுழைந்தால், கிளை கிளையாக இருக்கிற ஒரு செல் அதை விழுங்கி, ஒரு துண்டை மட்டும் மேலே சுமந்துகொண்டு, நெறி கட்டுகிற இடத்துக்குப் போய்ப் படைச் செல்களுக்குக் காட்டும் என்றாய். ஆபத்து என்றும் சேர்த்துச் சொன்னால் படை சண்டைக்குக் கிளம்பும். சத்தமில்லாமல் காட்டினால் பழகிக்கொள்ளும்.

மலைக்கு வெளியே கட்டிக்கொண்டவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதுதான் ஊர்க்கூட்டத்தின் தீர்ப்பு என்று உனக்கே தெரியும். உன் விஷயமாகப் பேச நான் கூட்டத்துக்குப் போகவில்லை. போளூரிலிருந்து மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய ஒரு மூட்டை மல்லாட்டையில், அதான் வேர்க்கடலையில், பாதியை அவித்து, சாமை அடிக்கிற களத்துக்கு எடுத்துப் போனேன். யார் நிலத்தில் விளைந்தது என்று சொல்லாமல் ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்தேன். தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டரே, "இன்னாம்மா, இவ்ளோ ருசியா கீது!" என்று மறுபடியும் கை நீட்டினார்.

அப்பா மட்டும், "எந்த ஊர்து?" என்றார்.

"போளூர்துங்க."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அதையும் உரித்துத் தின்றார்.

நேற்று பார்த்தால், மூட்டையில் மிச்சமிருந்ததில் திரட்சியான காயாகப் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டிருக்கிறார். எதற்கென்று கேட்டேன்.

"வெதைக்கு. நம்ம மண்ணுல வருதான்னு பாக்கலாம்."

பொங்கலுக்கு இரண்டு பேருமாக வாருங்கள். ஊர் எல்லையில் நின்று மட்டும் அழுதுவிடாதே; சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடு.

உன் அம்மா