முதலாளிக்கு வந்த நோய்

என் மகளின் அம்மாவுக்கு,

உன் அண்ணன் வீட்டில் நீயும் மகளும் நலமாக இருப்பீர்கள். இங்கே முதலாளிக்கு உடம்பு சரியில்லை. நேற்று நான்தான் காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டேன்.

குடியில் அவர் எனக்கு இளைத்தவர் இல்லை. ஆனால் அவர் ஆபீசில் விழுந்தபோது, "பாவம், வேலை ஜாஸ்தி" என்றார்கள். நான் கார் ஷெட்டில் விழுந்தபோது, "இந்தக் கறுப்பனுங்களே இப்படித்தான்" என்றார்கள். வெள்ளைத் தோலுக்கு வந்தால் மட்டும் அது நோயாகிவிடுகிறது.

குடியை நிறுத்த வைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு ஜன்னலோரத் தனி அறை கொடுத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் மனைவி கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தபோதுதான் வயிறு பற்றி எரிந்தது.

அவர் பெட்டியை அறையில் வைத்துவிட்டு வந்த பிறகும் நான் வாசல் பதிவு மேசையை விட்டு நகரவில்லை. அங்கிருந்த பெண், "டிரைவருங்க வெளிய நிக்கணும்" என்றாள்.

"நானும் குடிக்கிறவன்தாம்மா. என்னையும் சேத்துக்கங்க."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். பொது வார்டில் வியாழக்கிழமை இடம் காலியாகிறதாம்.

உடன் இருப்பவர் என்ற இடத்தில், உன்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதிவிட்டேன். வேண்டாமென்றால் சொல், பெயரை அடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மகளின் அப்பா