பாவடிக்கு வந்த நான்காம் வகுப்பு

என் அருமை மச்சான் அவர்களுக்கு,

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பிழைத்துவிட்டன! இன்று காலை உத்தரவு வந்தது. படித்துவிட்டு, வாத்தியார் என்ற மரியாதையையெல்லாம் மறந்து, பள்ளிக்கூடத்திலிருந்து அக்கா வீடு வரைக்கும் ஓடினேன். அக்கா அடுப்படியிலிருந்து பதறிப்போய் வெளியே வந்து, "யாருக்கு என்ன ஆச்சு சாமி?" என்றது. "உங்க மகளுக்கு அஞ்சாவது கெடைச்சிருச்சு!" என்று கத்தினேன். இதை முதலில் உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். எங்கே வந்து சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த விஷக் காய்ச்சலில் போன பிறகு, உங்கள் வாத்தியார் இடத்துக்கு ஜில்லா போர்டிலிருந்து வேறு ஆளைப் போடவே இல்லை. ஒரே கூடம், ஐந்து வகுப்பு, நான் ஒருவன். நீங்கள் ஓர் அதட்டல் போட்டால் கூரையில் இருக்கும் புறாவும் அடங்கும். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒன்றாம் வகுப்பு 'அ'னா பாடும்போது ஐந்தாம் வகுப்புக்கு எப்படிக் கணக்கு ஏறும்? மணி அடித்துப் பார்த்தேன், பிரம்பை மேசையில் தட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். பிள்ளைகள் என்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள், அடங்க மட்டும் மாட்டோம் என்றார்கள்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து வாசலில் நின்றபடியே காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த முறை வருவதற்குள் ஒழுங்கு வராவிட்டால் நான்கையும் ஐந்தையும் எடுத்துவிட்டு, மூன்றோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மகள் செல்லம் அப்போது நான்காவது. அக்கா அன்றைக்கே, "பள்ளிக்கொடம் இல்லீன்னா நூல் சுத்தட்டும் தம்பி, வேற என்ன பண்றது?" என்று ராட்டினத்தைத் துடைத்து வைத்துவிட்டது. அக்காவைக் குறை சொல்ல முடியுமா? நீங்கள் இல்லாத வீட்டில் அதுதான் தறியையும் பார்க்கிறது, அடுப்பையும் பார்க்கிறது.

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஒருநாள் காலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. ஊர்ப் பொதுத் திடலான பாவடியில் தறிக்குப் போகும் நூலைப் பாவாக விரித்திருக்கிறார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்தது. வந்த கோபத்தில் மணியைக் கையில் பிடித்தபடி பாவடிக்குப் போனேன். கஞ்சி போட்ட பாவு வெயில் ஏறுவதற்கு முன்னால் காய்வதற்காகக் கவட்டை போன்ற கவைக் கால்களின் மேல் நீளமாக இழுத்துக் கட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லாமல், குனிந்து அதற்கு அடியில் புகுந்துவிட்டேன்! நெசவுக்காரன் வீட்டில் பிறந்த நானே இப்படிச் செய்தேன், மச்சான். தலைப்பாகை மாட்டி ஒரு கொத்து இழை அறுந்தது.

"நில்லுங்க வாத்தியாரே! பாவு விரிச்சிருக்குது, கண்ணு தெரியலீங்களா?" என்றார் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர். நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அறுத்தவன்தான் உட்கார்ந்து இழையை முடிச்சுப் போட வேண்டும், பாவைச் சுருட்டுகிற வரைக்கும் நகரக் கூடாது. மணியைக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இழை முடிந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். கூடத்தில் மேசைமேல் ஏறிக் குதிக்கிற மாரப்பன் பூனை மாதிரி நடக்கிறான். ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் கத்தவில்லை. எங்காவது இழை அறுந்தால் கண்டவர் கையைத் தூக்குகிறார், உடனே இரண்டு பக்கமும் எல்லோரும் நிற்கிறார்கள். கிட்டே இருப்பவர் முடிகிறார், பிறகு மறுபடி நடக்கிறார்கள். அதட்ட ஆளே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கா ஒழுங்கு தெரியாது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உங்களுக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் போய்விட்டீர்களா?

அன்று மாலையே ஊர்க் கூட்டத்தில் போய் நின்றேன். பாவு சுருட்டிய பிறகு பள்ளிக்கூடம் தொடங்குகிறேன், பாவடி வேப்பமரத்து நிழலைப் பெரிய வகுப்புகளுக்குக் கொடுங்கள், நான் கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கும்போது யாராவது ஒருவர் இவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று கேட்டேன். "இன்னிக்கு நெழலு கேப்பீங்க, நாளைக்குப் போர்டுக்காரன் நெலம் எனக்கும்பான்" என்று ஒருவர் எழுந்தார். அதுவும் நியாயமான பயம்தானே? "சாயங்காலம் ஒரு துரும்புகூட அங்க இருக்கக் கூடாது. பலகை, பாய் எல்லாத்தயும் தூக்கிட்டுப் போயிரோணும். அப்படீன்னா சரி" என்றார் பெரியதனக்காரர்.

மறுநாளே வேலை தொடங்கியது. அவர்களே பழைய கவைக் கால்கள் இரண்டைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி, ஒரு பக்கம் நான்காவது, மறுபக்கம் ஐந்தாவது என்று உட்கார வைத்தேன். "பாவு விரிச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன். மச்சான், மூச்சுச் சத்தம் கேட்டது! பாடம் புரியாதவர் கையைத் தூக்கி, "இழை அறுந்துபோச்சுங்க" என்று சொல்ல வேண்டும், எல்லோரும் பலகையைக் கீழே வைக்க வேண்டும், கிட்டே இருப்பவர் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றேன். முதல் நாள் ஆளாளுக்குச் சும்மாவே கையைத் தூக்கி இழை அறுந்ததாகச் சொல்லி விளையாடினார்கள். அப்புறம் அவர்களுக்கே சலித்துப்போய் ஒழுங்காகச் செய்தார்கள்.

போன மாதம் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கியபோது நான் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துச் செல்லம் கையைத் தூக்கி, "இழை அறுந்துபோச்சுங்க" என்றாள். எல்லோரும் பலகையைக் கீழே வைத்தார்கள். மாரப்பன், நம் மாரப்பன், ஒரு குச்சியை நான்காக ஒடித்து அவளுக்கு முக்கால் என்றால் என்ன என்று காட்டினான். செல்லம் தலையை ஆட்டினாள், எல்லோரும் பலகையை எடுத்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்து, "இந்த வகுப்புக்கு வாத்தியார் யார்?" என்று கேட்டார். பயத்தில் உங்கள் பெயர்தான் என் வாயில் வந்துவிட்டது. செல்லம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியதனக்காரர் மெல்ல எழுந்து வந்தார். "அவரு தவறிட்டாருங்க. இப்ப நாங்க அல்லாரும் சேந்து பாத்துக்கறமுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பிறகு பாயிலேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போட்டார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இன்று உத்தரவு வந்தது.

ராட்டினத்தை அக்கா பரணில் ஏற்றிவிட்டது. ஆனால் சற்று முன்பு என்னிடம், "அஞ்சாவது முடிச்சா அப்புறம் என்ன தம்பி? நம்ம ஊருல அதுக்கு மேல இல்லையே" என்று கேட்டது. பக்கத்தில் செல்லம் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல நின்றுகொண்டிருந்தாள், காது மட்டும் இங்கே இருந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே எழுதித் தருகிறேன். ராசிபுரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். தினம் வண்டி கிடைக்காவிட்டால் கூடவே நடப்பேன். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று தெருவே கேட்டாலும், காது குத்த இவளை மடியில் வைத்துக்கொண்டவன் நான், இவள் படிப்பும் என் சீர்தான் என்று சொல்வேன். இவள் ஒரு நாள் வாத்தியாராக நிற்பாள் மச்சான். அப்போது வகுப்புக்கு வாத்தியார் யார் என்று எவர் வந்து கேட்டாலும், அவளே தன் பெயரைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்மாமன்,
உங்கள் மைத்துனன் கந்தசாமி